பதினைந்து வயது மாணவிக்கு எந்த செமி-ஹாலோ கிடார்?

என்னிடம் கிடார் கற்கும் பதினைந்து வயது மாணவி ஒருத்திக்குப் புதிய கிடார் வாங்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. செமி-ஹாலோ (பாதி உள்ளீடற்ற) எலெக்ட்ரிக் கிடார் வகையில் எதை வாங்கலாம், எவ்வளவு வரை செலவிடலாம் என்று அவளுடைய பெற்றோர் கேட்டார்கள். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கும் என்பதால் என் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அவள் சில ஆண்டுகளாக ஒரு மலிவான சாலிட்-பாடி (உடல் முழுவதும் கட்டையான) எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்து வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் டிரம்ஸ், கீபோர்டு, பாடகர் குழு ஆகியவற்றோடு சேர்ந்து வாசிக்கிறாள். வார நாள்களில் ஜாஸ் ஸ்டாண்டர்டுகளும் (ஜாஸ் கலைஞர்கள் பொதுவாக வாசிக்கும் பாடல்கள்) புளூஸும் கற்கிறாள். மெலிந்த உடல்வாகு, சிறிய கைகள். வீடு சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது. பள்ளி, டியூஷன் எல்லாம் முடிந்து இரவு ஒன்பதரைக்கு மேல்தான் அவளால் நிதானமாகப் பயிற்சிக்கு உட்கார முடிகிறது.

அவளுடைய திறமை எத்தகையது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தேர்வே அதைப் பொறுத்துத்தான் அமைகிறது. வேகமாக விரலோட்டும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். இவளிடம் இருப்பது தொடுகை. ஒரே சுரத்தை மூன்று முறை வாசித்தால் மூன்றையும் மூன்று அழுத்தத்தில், மூன்று பொருளில் வாசிப்பாள். இப்போதுள்ள கிடாரோ அந்த மூன்றையும் ஏறத்தாழ ஒரே மாதிரியாக ஆக்கிவிடுகிறது. ஆகவே, மெல்லத் தொட்டால் மெல்லவும் ஓங்கித் தொட்டால் ஓங்கியும் பதில் சொல்லும் கருவி அவளுக்கு இப்போதே தேவை. இந்த ‘இப்போதே’ என்ற சொல்லைக் கட்டுரை நெடுகிலும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செமி-ஹாலோ கிடார் வெளித்தோற்றத்தில் உள்ளீடற்ற கிடாரைப் போலவே இருக்கும்: அகன்ற, மெல்லிய உடல், வயலினில் காண்பதைப் போல இருபுறமும் எஃப் வடிவத் துளைகள். ஆனால் உள்ளே, கழுத்து சேரும் இடத்திலிருந்து உடலின் அடிமுனை வரை நடுவில் ஒரு மரக்கட்டை ஓடுகிறது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்அப்புகளும் அந்தக் கட்டையின் மேல் அமர்கின்றன. இருபுறச் சிறகுகள் மட்டுமே கூடாக இருக்கின்றன. இந்த அமைப்பை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இயங்கிவந்த கிப்சன் நிறுவனம், டெட் மெக்கார்ட்டியின் தலைமையில், ஈ.எஸ். 335 என்ற பெயரில் 1958-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடார் கலைஞர் லெஸ் பால் ஒரு பைன் மரக்கட்டையில் பிக்அப்புகளைப் பொருத்தி, அதன் இருபுறமும் ஓர் உள்ளீடற்ற கிடாரின் பாதிகளை ஒட்டிச் சோதித்துப் பார்த்திருந்தார். முழு உள்ளீடற்ற கிடாரை ஆம்பில் (ஒலிபெருக்கியில்) சற்று உரக்க வைத்தால், ஆம்பிலிருந்து வரும் ஒலியே கிடாரின் மேற்பலகையை அதிரச் செய்து, அந்த அதிர்வு மறுபடி தந்திகளுக்கும் பிக்அப்புக்கும் ஏறி, நிற்காத ஊளையாக மாறிவிடும். நடுக்கட்டை பிரிட்ஜுக்குக் கீழே மேற்பலகையை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால் இந்த ஃபீட்பேக் பெருமளவு அடங்குகிறது. அதே வேளையில் சிறகுகளின் காற்று, சுரத்தின் தொடக்கத்துக்கு ஒரு மென்மையைத் தருகிறது.

இந்த அமைப்பு எத்தனை வகை இசைக்கு ஈடுகொடுக்கும் என்பதற்கு வாசித்தவர்களின் பெயர்களே போதும். கிடார் கலைஞர் லாரி கார்ல்டனை ‘மிஸ்டர் 335’ என்றே அழைக்கிறார்கள். 1969-ல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் ஆல்வின் லீ அதிவேக ராக் வாசித்ததும் ஒரு 335-ல்தான். புளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் ‘லூசில்’ என்னும் கிடார் இதே குடும்பத்து 355-ஐ அடிப்படையாகக் கொண்டது. 1980-ல் அவர் பெயரில் வந்த மாடலில் ஃபீட்பேக்கைக் குறைப்பதற்காக எஃப் துளைகளையே நீக்கிவிட்டார்கள். ஜான் ஸ்கோஃபீல்ட் பல பத்தாண்டுகளாகத் தம் நவீன ஜாஸை வாசித்துவருவது 1981-ஆம் ஆண்டு ஐபனெஸ் ஏ.எஸ். 200 கிடாரில். ஜாஸ், புளூஸ், ஆராதனை இசை மூன்றையும் ஒரே கிடாரில் வாசிக்க வேண்டிய ஒரு மாணவிக்கு இந்த வகையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. இரவுப் பயிற்சிக்கும் இது உதவுகிறது. ஆம்பே இல்லாமல் மடியில் வைத்து வாசித்தால் வாசிப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும்; மூடிய கதவுக்கு அப்பால் தூங்குபவருக்குக் கேட்காது. தொடுகையைப் பயில்வதற்கு ஆம்ப் இல்லாத அந்த நேரம் மிக நல்லது.

நடுக்கட்டை இருப்பதா, இல்லாததா என்பது முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. கிப்சன் குடும்பத்தைச் சேர்ந்த எபிஃபோன் நிறுவனத்தின் கேசினோ பார்ப்பதற்கு 335-ஐப் போலவே இருந்தாலும் முழுக்க உள்ளீடற்றது. கடையிலும் இணையத்திலும் இரண்டையும் ஒன்றாகவே அடுக்கிவைத்திருப்பார்கள். 1961-ல் வந்த இக்கிடாரை பீட்டில்ஸ் குழுவில் மெக்கார்ட்னி, லெனன், ஹாரிசன் மூவருமே வாசித்திருக்கிறார்கள். அதன் கிப்சன் உடன்பிறப்பான ஈ.எஸ். 330, ஜாஸ் கலைஞர் எமிலி ரெம்லரின் கையில் இருந்தது. எடை குறைவு, ஆம்ப் இல்லாமல் இன்னும் உரக்க ஒலிக்கும், தொடுகைக்குப் பதில் சொல்வதில் இந்த ஒப்பீட்டில் உள்ள எல்லாவற்றையும்விட ஒரு படி மேலே நிற்கும். வீட்டில் மட்டுமே வாசிப்பவளாக இருந்தால் இதையே பரிந்துரைத்திருப்பேன். ஆனால் டிரம்ஸுக்குப் பக்கத்தில், மானிட்டர் ஸ்பீக்கர் காலடியில் இருக்க, ஞாயிறுதோறும் வாசிப்பவளுக்கு ஃபீட்பேக் தொல்லை தீராது. இன்னொன்றும் உண்டு. கேசினோவில் இருப்பவை பி-90 என்னும் ஒற்றைச் சுருள் பிக்அப்புகள். எர்த் இணைப்பு சரியில்லாத கட்டடங்களில், விசிறி ரெகுலேட்டரும் விளக்குகளும் ஒரே இணைப்பில் ஓடும் அறைகளில், அவை இரைச்சலை இழுத்துக்கொள்ளும். ஹம்பக்கர் பிக்அப்பில் எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்கள் அந்த இரைச்சலை ஒன்றுக்கொன்று தணித்துக்கொள்கின்றன. நம் ஊர் மின்னிணைப்புகளை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். ஆகவே நடுக்கட்டையும் ஹம்பக்கரும் கட்டாயம் என்று வைத்துக்கொண்டேன். கேசினோ இங்கே விலகுகிறது.

அடுத்தது அளவு. பெரும்பாலான ஒப்பீடுகள் பிக்அப்பையும் மரத்தையும் பற்றியே பேசிவிட்டு இதை விட்டுவிடுகின்றன. வளரும் பிள்ளைக்கு இதுவே முதல் காரணியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 335 வகை உடல் 16 அங்குல அகலம் கொண்டது. கிப்சனின் லெஸ் பால் மாடல் போன்ற சாலிட்-பாடி கிடார் ஏறத்தாழ 13 அங்குலம்தான். உட்கார்ந்து வாசிக்கும்போது வலது முன்கை உடலின் விளிம்புக்கு மேலே ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. கை நீளம் குறைந்தவர்களுக்குத் தோள் தானாகவே உயரும். மணிக்கட்டு உள்பக்கம் மடங்கும். அரை மணி நேரத்தில் அவர்கள் கழுத்துத் தசையில் இறுக்கம் தெரியும். அந்த வயதில் பிள்ளைகள் இதைச் சொல்லமாட்டார்கள், பொறுத்துக்கொண்டு வாசிப்பார்கள். எனவே கடையில் நாற்காலியில் உட்காரவைத்து, கால் மணி நேரமாவது வாசிக்கவிட்டு, பெற்றோர் அவளுடைய விரல்களைப் பார்க்காமல் வலது தோளைப் பார்க்க வேண்டும். பிறகு பட்டையை மாட்டி நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். இந்த வகைக் கிடார்கள் மூன்றரை கிலோவை ஒட்டியவை, ஒரு மணி நேர ஆராதனையில் அது சிறிய சுமையன்று.

உடல் பெரிதாக இருப்பது உறுதியாகத் தெரிந்தால் மாற்று வழி இருக்கிறது. கிப்சன் 2007-ல் அறிமுகப்படுத்திய ஈ.எஸ். 339, அதே கட்டமைப்பைச் சிறிய உடலில் தருகிறது. எபிஃபோன் பெயரில் அது எட்டக்கூடிய விலையில் கிடைக்கிறது. ஐபனெஸ் ஏ.எம். வரிசையும் சிறிய உடலுக்கானது. உடல் சுருங்கும்போது அந்தக் காற்றோட்டமான ஒலி கொஞ்சம் குறைந்து, சாலிட்-பாடியின் இறுக்கம் கொஞ்சம் கூடுகிறது. இதை நான் குறையாகக் கருதவில்லை. தோள் வலியோடு வாசிக்கும் பெரிய கிடாரைவிட வலியில்லாமல் வாசிக்கும் சிறிய கிடாரே நன்றாக ஒலிக்கும்.

கிடாரின் கழுத்தைப் பொறுத்தவரை இந்த வகையில் எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல பொது அம்சம் உண்டு. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் அமரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான தந்தி நீளம் 24.75 அங்குலம், அதாவது 628 மி.மீ. அவளுடைய இப்போதைய கிடாரிலோ, ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை ஆதலால், 648 மி.மீ. தந்தி நீளம் குறைந்தால் அதே சுருதிக்குத் தேவையான இழுவிசையும் குறைகிறது. புளூஸில் ஒரு சுரத்தை முழுச் சுரம் உயர வளைப்பதும், திரைப்பாடலின் கமகத்தை ஒரே தந்தியில் இழுத்து வாசிப்பதும் சிறிய விரல்களுக்கு எளிதாகும். விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளின் இடைவெளிகளும் சற்றுச் சுருங்குவதால் ஜாஸின் அகன்ற கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) எட்டும். 335 வடிவத்தில் கழுத்து 19-ஆம் ஃபிரெட் அருகே உடலோடு சேர்வதால் மேல் ஃபிரெட்டுகளுக்கும் கை தாராளமாகப் போகும். ஐபனெஸ், எபிஃபோன் இரண்டிலும் நட் அகலம் 43 மி.மீ. என்று தாளில் ஒன்றாகவே இருந்தாலும் பின்பக்க வளைவு வேறு. எபிஃபோனின் கழுத்து உருண்டு, உள்ளங்கையை நிரப்பும். ஐபனெஸின் கழுத்து சற்று மெலிந்தது. எது நல்லது என்பதைக் கட்டைவிரல்தான் சொல்ல வேண்டும்.

இப்போது மூன்று வேட்பாளர்களுக்கு வருகிறேன். மூன்றும் இந்தியாவில் ஏறத்தாழ 50,000 ரூபாய் முதல் 80,000 ரூபாய்க்குள் கிடைப்பவை. தள்ளுபடியையும் வரியையும் பொறுத்து விலை ஏறி இறங்கும்.

எபிஃபோன் ஈ.எஸ். 335 என்பது மூல வடிவத்துக்கு மிக நெருங்கிய மலிவு வடிவம். 1957-ல் எபிஃபோனை கிப்சன் வாங்கியதிலிருந்து இரண்டும் ஒரே குடும்பம். 2020-ல் வெளிவந்த இப்போதைய மாடல், ‘டாட்’ என்ற பெயரில் நெடுநாள் விற்ற பழைய மாடலைவிடத் தெளிவான முன்னேற்றம். அடுக்கு மேப்பிள் உடல், மஹோகனி கழுத்து, அல்னிகோ கிளாசிக் ப்ரோ ஹம்பக்கர்கள், சி.டி.எஸ். நிறுவனத்தின் தரமான வால்யூம், டோன் கட்டுப்பாடுகள். விரல்பலகை இந்தியன் லாரல் மரம், நம் காடுகளில் கருமருது என்று அறியப்படும் மரம்தான். ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017-ல் கட்டுப்பாடு வந்தபோது பல நிறுவனங்கள் இதற்கு மாறின. இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு கிடைத்த பிறகும் நடுத்தர விலைக் கிடார்களில் இதுவே நிலைத்துவிட்டது. ஒலியிலோ தொடுதலிலோ குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை எண்ணெய் தடவினால் போதும். இந்தக் கிடாரின் வலிமை புளூஸும் ராக்கும்: இரு பிக்அப்புகளையும் சேர்த்து வைத்து, வால்யூமை ஏழுக்குக் குறைத்து வாசித்தால், தந்தியை மீட்டும் பிக்கின் அழுத்தத்தைக் கொண்டே தெளிவான ஒலிக்கும் கரகரப்பான ஒலிக்கும் இடையே போய்வரலாம். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் விழுந்தால் நட்டுக்குப் பின்னே முறியும் அபாயம் உண்டு. இது கிப்சனிலிருந்து வழிவழியாக வந்த பலவீனம், அலட்சியப்படுத்தக் கூடாதது.

ஐபனெஸ் ஏ.எஸ். 93 வேறொரு மரபிலிருந்து வருகிறது. ஜப்பானின் நகோயாவைச் சேர்ந்த ஹோஷினோ காக்கி நிறுவனத்தின் ஐபனெஸ், 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஜார்ஜ் பென்சனோடும், பின்னாளில் பாட் மெத்தெனியோடும் ஸ்கோஃபீல்டோடும் சேர்ந்து மாடல்களை உருவாக்கியது. ஜாஸ் கலைஞர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டுச் செய்த அனுபவம் அதன் மலிவு விலைக் கிடார்களிலும் தெரிகிறது. 2002-ல் தொடங்கிய ஆர்ட்கோர் வரிசையின் மேல்தட்டில் இருப்பது இது. சூப்பர் 58 பிக்அப்புகளில் கழுத்துப் பக்கத்தை மட்டும் தேர்ந்து, டோனைப் பாதிக்குக் குறைத்தால், கார்டின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே கேட்கும்; மந்தமான மொத்தை ஒலி வராது. நான் கையாண்டு பார்த்தவற்றில் ஃபிரெட் முனைகள் சீராகத் தேய்க்கப்பட்டிருந்தன. கழுத்தின் விளிம்பில் உள்ளங்கையை மேலிருந்து கீழாக ஓட்டிப்பார்த்தால் எங்கும் உராயவில்லை. இந்த விலையில் இது சாதாரணமாகக் கிடைப்பதன்று. குறை என்று சொன்னால், ஆம்பைக் கரகரப்பாக்கி உரக்க வாசிக்கும்போது எபிஃபோனின் அந்த முரட்டுத்தனம் இதில் வராது. கொஞ்சம் மரியாதையாகவே ஒலிக்கும். ராக் மட்டுமே வாசிக்கும் பையனுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் 2622-ஐ எடுத்துக்கொண்டால், நடுக்கட்டை ஸ்ப்ரூஸ் மரத்தாலானது. அதிலும் உள்ளே குடைவுகள் இருப்பதால் எடை குறைகிறது. 1883-ல் புரூக்லினில் தொடங்கிய கிரெட்ச் நிறுவனத்தின் அடையாளமே, ரே பட்ஸ் வடிவமைத்து 1957-ல் வந்த ஃபில்டர்ட்ரான் பிக்அப்பின் மினுமினுப்பான ஒலிதான். ஸ்ட்ரீம்லைனரில் இருக்கும் பிராட்ட்ரான் அதைவிடக் கொழுத்தது, ஆனாலும் உச்சத்தில் அந்த ஒளி மீதமிருக்கிறது. டிலே, ரிவர்ப் என்னும் எதிரொலி விளைவுகளை வைத்து நீண்ட கார்டுகள் வாசிக்கும் இன்றைய ஆராதனை இசைக்கு இது மிக அழகாகப் பொருந்தும். ஞாயிறு வாசிப்பு மட்டுமே குறிக்கோள் என்றால் இதுவே முதலிடம் பெறும். ஜாஸுக்கு டோனைக் கூடுதலாகக் குறைக்க வேண்டியிருக்கும். வாங்குவதானால் பிக்ஸ்பி வகை வைப்ரேட்டோ (தந்திகளின் சுருதியை அசைக்கும் நெம்புகோல்) இல்லாத மாடலையே வாங்குங்கள். அந்த நெம்புகோல் அழகானது, ஆனால் சுருதி நிற்கவைப்பது இளம் மாணவிக்கு ஓயாத வேலையாகிவிடும்.

இவற்றுக்குக் கீழே ஐபனெஸ் ஏ.எஸ். 53, 73 போன்றவை உள்ளன. நல்ல தொடக்கக் கிடார்கள்; ஆனால் அவளுக்குத் தேவைப்படும் தாவலை அவை தரமாட்டா. ஃபெண்டரின் டெலிகாஸ்டர் தின்லைன் வகையும் ஒருவிதத்தில் செமி-ஹாலோதான். எடை குறைவு, உடல் சிறியது. எனினும் 648 மி.மீ. தந்தி நீளத்துக்கே அது திரும்பக் கொண்டுபோய் விடுகிறது.

மிக நீண்ட விவாதம் நடந்தது கிப்சன் ஈ.எஸ். 335 பற்றித்தான். இவ்வளவு திறமையுள்ள பிள்ளைக்கு ஏன் அசலையே வாங்கித் தரக்கூடாது என்று அவளுடைய அப்பா கேட்டார். அன்பிலிருந்து வந்த கேள்வி அது. அதற்கு முழுமையான பதில் தர வேண்டும். கிப்சன் நல்ல கிடார். கழுத்தின் வேலைப்பாடு, பிக்அப்புகளின் தெளிவு, வால்யூமைக் குறைக்கும்போதும் ஒலி மங்காமல் இருப்பது என எல்லாவற்றிலும் வித்தியாசம் காதுக்குத் தெரியும். மறுவிற்பனை மதிப்பும் நன்றாக நிற்கும். ஆனால் இந்தியாவில் விலை மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. நடுத்தரத் தேர்வுகளைப் போல நான்கைந்து மடங்கு. அதில் கிடைக்கும் ஒலி மேம்பாடு அத்தனை மடங்கு இல்லை. மேலும் கிப்சனின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மிக மெல்லியது. அழகாகப் பழமையடையும், ஆனால் வியர்வையும் கடற்காற்றும் கலந்த சென்னை வெயிலில் கைபடும் இடங்களில் பிசுபிசுக்கும். சில ரப்பர் ஸ்டாண்டுகளில் சாய்த்துவைத்தால் பூச்சு உருகித் தழும்பாகும். மற்ற மூன்றிலும் உள்ள பாலியூரெத்தேன் வகைப் பூச்சு இதற்கெல்லாம் அசையாது. ஷேர் ஆட்டோவில் கிடாரோடு போகும் பெண், மூன்று லட்ச ரூபாய்ப் பொருளைத் தோளில் சுமக்கும் பயத்தோடு போவாள். பயம் வந்தால் கிடார் வீட்டிலேயே தங்கிவிடும். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும் வாய்ப்புகளை அவள் தவிர்க்கத் தொடங்குவாள். அவளுக்கு இந்த வயதில் மிகவும் தேவையானது அந்த வாய்ப்புகள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் இருக்கிறது. அந்தத் தொகையைச் சேர்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்றார்கள் பெற்றோர். பதினைந்து முதல் பதினெட்டு வரையிலான ஆண்டுகள், காதும் கையும் சேர்ந்து பழக்கங்களை நிலைநிறுத்தும் ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் தொடுகையை மதிக்காத ஒரு கிடாரில் அவள் வாசித்தால், தொடுவதையே மெல்ல மறந்துவிடுவாள். எப்படித் தொட்டாலும் ஒரே ஒலிதான் என்றால் மாற்றித் தொட வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? அந்த இழப்பைப் பதினெட்டாம் வயதில் வாங்கித்தரும் கிப்சன் ஈடுசெய்யாது. கல்லூரி முடித்து, தன் வாசிப்பு எந்தத் திசையில் போகிறது என்று அவளுக்கே தெளிவான பிறகு, தன் காதைக் கொண்டு அவளே ஒரு கிப்சனையோ, கலமசூவின் பழைய கிப்சன் ஆலையில் 1985 முதல் இயங்கும் ஹெரிட்டேஜின் 535-ஐயோ, சாலிட்-பாடியையோ தேர்ந்துகொள்ளட்டும்.

பழைய கிடார் வாங்குவது இடைப்பட்ட ஒரு வழி. யமஹா எஸ்.ஏ. வரிசைக் கிடார்கள் போன்ற ஜப்பானிய வேலைப்பாடுகள் எப்போதாவது கண்ணில் படும்; நல்ல நிலையில் இருந்தால் விடவே கூடாது. ஆனால் செமி-ஹாலோவில் பழைய பொருளைச் சோதிப்பதற்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. சாலிட்-பாடி கிடாரில் பின்பக்க மூடியைத் திறந்தால் வயரிங் முழுவதும் கண்முன் இருக்கும். 335 வகையில் அப்படி ஒரு மூடியே கிடையாது. வால்யூம் கட்டுப்பாடு ஒன்று பழுதானாலும், ஒவ்வொரு தண்டிலும் நூல் கட்டி, முழு வயரிங்கையும் எஃப் துளை வழியே வெளியே இழுத்து, சால்டர் செய்து, மறுபடி அந்த நூல்களைப் பிடித்து இழுத்தே ஒவ்வொன்றையும் அதனதன் துளைக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமையான டெக்னீஷியனுக்கே அரை நாள் வேலை. ஆகவே கடைசிப் பேரத்துக்கு முன்பு நான்கு கட்டுப்பாடுகளையும் ஆம்பில் இணைத்து மெல்லத் திருகுங்கள். கரகரவென்ற ஒலி, ஜாக்கை அசைத்தால் விட்டுவிட்டு வரும் ஒலி, ஸ்விட்ச் நடுவில் நிற்கும்போது ஒரு பிக்அப் மங்குவது ஆகிய ஒவ்வொன்றையும் விலையில் கழிக்க வேண்டும். மொபைல் டார்ச்சை ஒரு துளையில் பிடித்து மறு துளையில் பார்த்தால் நடுக்கட்டை ஒட்டிய இடத்தில் பிளவு இருந்தால் தெரியும். நட்டுக்குப் பின்னே கழுத்தின் பூச்சில் மயிரிழைக் கோடு இருந்தால் அது ஒட்டவைத்த முறிவாக இருக்கலாம்.

மொத்தத் தொகையையும் கிடாருக்கே செலவழிக்காதீர்கள். நூறு ரூபாய் இருந்தால் அறுபத்தைந்து, எழுபது ரூபாய் கிடாருக்குப் போகட்டும். மீதியில் ஒரு கெட்டியான பெட்டி, ஒரு சிறிய நல்ல ஆம்ப், ஒரு செட்டப் (கிடாரை வாசிப்புக்கு ஏற்பச் சரிசெய்வது) ஆகிய மூன்றும் அடங்க வேண்டும். இவ்வகைக் கிடாருக்கு ஏற்ற பெட்டி பெரும்பாலும் தனியாகவே வாங்க வேண்டியிருக்கும். சாதாரண கிடார்ப் பைகளில் அந்த அகன்ற உடல் நுழையாது. ஆம்பைப் பொறுத்தவரை, பாஸ் கட்டானா, யமஹா டி.எச்.ஆர். போன்றவை வீட்டுக்கும் சிறிய கூடத்துக்கும் போதும்.

செட்டப்பை இலவச இணைப்பாக நினைக்கிறார்கள். எனக்கு அது கிடாரின் பாதி. ஆலையிலிருந்து கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, கடை ஏ.சி.யில் தொங்கிய எந்தக் கிடாரும் உடனே வாசிக்கத் தகுந்த நிலையில் இருப்பதில்லை. நீங்களே பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு. ஒரு தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்தி, முதல் ஃபிரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு மேல் இருந்தால் நட் வெட்டு ஆழமில்லை, பிள்ளை எஃப் கார்டு பிடிக்கத் திணறும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த தந்தியின் உயரம் 2 மி.மீ. அளவிலும் மெல்லிய தந்தியின் உயரம் 1.5 மி.மீ. அளவிலும் இருக்க வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு தந்தியிலும் எல்லா ஃபிரெட்டுகளையும் ஒவ்வொன்றாக வாசித்து, எங்காவது ஒலி கரகரத்து அடங்குகிறதா என்று கேளுங்கள். இதையெல்லாம் ஆம்ப் இல்லாமலே செய்யலாம். ஆம்ப் இல்லாமல் உயிரோடு ஒலிக்காத செமி-ஹாலோ, ஆம்பில் இணைத்தாலும் பெரிதாக மாறிவிடாது.

ஆகவே பெற்றோருக்கு நான் சொன்ன முடிவு இது. ஐபனெஸ் ஏ.எஸ். 93-ஐ முதலில் வைத்துக்கொள்ளுங்கள்: மெலிந்த கழுத்து அவள் கைக்கு ஏற்றது, ஃபிரெட் வேலைப்பாடு நம்பகமானது, அவள் இப்போது கற்கும் ஜாஸுக்கு அதன் கழுத்துப் பிக்அப் நேராகப் பேசும். நாற்காலியிலும் நின்ற நிலையிலும் வலது தோள் உயர்வதைப் பார்த்தால், தயங்காமல் எபிஃபோன் ஈ.எஸ். 339-க்கு மாறுங்கள். கழுத்து உருண்டு இருப்பதே அவளுக்குப் பிடிக்கிறது, புளூஸ் பக்கமே மனம் சாய்கிறது என்றால் எபிஃபோன் 335 எந்த வகையிலும் இரண்டாந்தரத் தேர்வு இல்லை. கிரெட்ச்சையும் ஒருமுறை கையில் கொடுங்கள். அந்த ஒலி அவளைப் பிடித்துக்கொண்டால் என் காரணங்களை ஓரமாக வைத்துவிடலாம். நிறத்தையும் பெயரையும் அவள் பார்க்காதபடி கண்ணை மூடச் சொல்லி, ஒரே பாடலை எல்லாவற்றிலும் வாசிக்கவிடுங்கள். எதில் அவள் தானாகவே மெதுவாக வாசிக்கத் தொடங்குகிறாளோ அதைக் கவனியுங்கள். கருவி பதில் சொல்லும்போதுதான் வாசிப்பவர் நிதானிப்பார்.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும், கையில் எடுத்து வாசித்த அதே கிடாரை, அதே சீரியல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடலில் இரண்டு கிடார்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. முதலில் ‘10-46’ தந்தித் தொகுதியே (மெல்லிய தந்தி 0.010 அங்குலம், தடித்தது 0.046 அங்குலம்) போதும். ஜாஸுக்காகத் தட்டைச் சுற்று (ஃபிளாட்வவுண்ட்) தந்திக்கு மாறுவதை ஓராண்டு கழித்து யோசிக்கலாம். வாங்கியவுடன் ஒரு செட்டப், வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களில் காற்றின் ஈரம் கழுத்தை அசைத்த பிறகு இன்னொரு செட்டப் என்று இரண்டுக்குமான தொகையை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.